மாட்டுக்குப் பட்டி, புலிக்குக் காடு!
கெடா தோட்டப்புற வரலாறு நமக்குச் சொல்லும் பாடம்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நெறியாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தோட்டத்து ஓரத்தில் புலி மாட்டை அடித்துவிட்டது" என்று ஒரு செய்தி வந்தால் போதும், உடனே இரண்டு குரல்கள் எழும். "சுட்டுத் தள்ளுங்கள்" என்பது ஒரு குரல். "நாட்டுச் சின்னத்தில் இருக்கும் விலங்கு, அதைத் தொடாதீர்கள்" என்பது இன்னொரு குரல். இரண்டிலும் ஒரு குறை உண்டு. மாட்டைப் பறிகொடுத்த குடும்பத்தைப் பற்றி இரண்டு குரல்களுமே பேசுவதில்லை.

அந்தக் குடும்பம் பெரும்பாலும் நம்மவர் குடும்பம். எனவே இந்தப் பிரச்சினையைக் கெடாவின் தோட்டப்புற வரலாற்றிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

காடு ரப்பர் ஆன காலம்

1909ஆம் ஆண்டு ஆங்கிலேய - சயாம் ஒப்பந்தப்படி கெடா பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் கோல மூடா, கூலிம், பாலிங் வட்டாரங்களில் காடுகள் வேகமாக அழிக்கப்பட்டு ரப்பர் நடப்பட்டது. சுங்கைப்பட்டாணி ரப்பரால் வளர்ந்த பட்டணம். பீடோங், பாடாங் செராய், கோல கெட்டில் என்று இன்று நாம் பழகிய ஊர்களைச் சுற்றியெல்லாம் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி அழைத்து வந்தார்கள்.

அப்படி வந்தவர்களுக்குக் கிடைத்த வீடு ஒரு லயம். லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் காய்கறிக்கொல்லை, ஒரு மாட்டுக் கொட்டகை. வசதிக்கேற்ப ஒன்றிரண்டு பசுக்கள், சில ஆடுகள், கோழிகள். தோட்டத்து மாடு என்பது வெறும் பால் மாடு அன்று. அதுதான் அந்தக் குடும்பத்தின் வங்கி. மகளுக்குக் கல்யாணம் என்றால் ஒரு மாடு விற்கப்படும். பிள்ளைக்குப் படிப்புச் செலவு என்றால் கன்று விற்கப்படும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி மாலை போட்டது சடங்குக்காக மட்டுமல்ல, அந்த நன்றிக்காகவும்தான்.

புலி ஏன் வந்தது? ரப்பர் போட்ட இடம் அதற்கு முன்பு புலியின் வேட்டைக்களம். அதன் இயல்பான உணவு காட்டுப்பன்றி, கடமான், குரைக்கும் மான். காடு சுருங்கி மான்கள் குறைந்தபோது, கயிற்றில் கட்டப்பட்ட மாடு கண்ணில் பட்டது. ஓடி விரட்ட வேண்டிய மானைவிடக் கட்டிக் கிடக்கும் மாடு எளிய இரை. ஒரு முறை அந்த ருசியும் வழியும் பழகிவிட்டால் மறுபடியும் வரும்.

துரையின் துப்பாக்கி

இதற்கு அந்தக் காலம் கண்ட தீர்வு ஒன்றே ஒன்றுதான்: துப்பாக்கி. அடித்த இரையை முழுதும் தின்று முடிக்கப் புலி மறுநாள் இரவும் திரும்பி வரும். எனவே செத்த மாட்டை அப்படியே விட்டுவிட்டு, மேலே பரண் கட்டி வேட்டைக்காரர் காத்திருப்பார். அக்கால வேட்டை நூல்களில் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும்.

அரசாங்கமே புலியைக் கொல்லப் பரிசு கொடுத்த காலமும் உண்டு. மிளகு, கம்பீர்த் தோட்டங்கள் பெருகிய சிங்கப்பூரில் 1840களிலேயே புலி கொன்றவர்களுக்குப் பணம் வழங்கப்பட்டது. முடிவு என்ன? 1930ஆம் ஆண்டு சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டதுதான் அந்தத் தீவின் கடைசிக் காட்டுப் புலி என்று வரலாறு பதிவு செய்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருந்தவர் துரை. மாட்டை இழந்தவர் பால்மரத் தொழிலாளி. புலி செத்தால் தோலும் புகைப்படமும் பங்களாவுக்குப் போகும். லயத்துக்காரருக்குச் செத்த மாட்டின் விலை வராது. விடியுமுன் பிரட்டுக்குப் போய், இருட்டு விலகாத வேளையில் நிரைக்குள் நுழைய வேண்டியவரும் அவரேதான். துணைக்கு அவரிடம் இருந்தவை ஒரு விளக்கும், தோட்டத்து எல்லையில் நின்ற முனீஸ்வரரும்தான்! பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களும் புலியின் பெயரைச் சொல்லாமல் "தோக் பெலாங்" என்று மரியாதையாகக் குறிப்பிட்டார்கள். பயம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

துப்பாக்கியின் மறுபக்கத்தை அன்றே ஒருவர் சொல்லியிருக்கிறார். தியோடர் ஹப்பேக் என்ற ஆங்கிலேயர், தோட்டக்காரராகவும் வேட்டைக்காரராகவும் இருந்து பின்னாளில் வனவிலங்குப் பாதுகாவலராக மாறியவர். 1930களின் தொடக்கத்தில் மலாயா வனவிலங்கு விசாரணைக் குழுவை அவர் நடத்தினார். பயிரைக் காக்க என்று கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் காட்டில் மான்களைத் தீர்த்துக்கட்டுகின்றன என்பது அவருடைய முக்கியமான குற்றச்சாட்டு. மான் தீர்ந்தால் புலி எங்கே போகும்? மாட்டுக் கொட்டகைக்குத்தான்!

சட்டம் வந்தது, புலி குறைந்தது

சுதந்திரத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. மாநிலந்தோறும் தனித்தனியாக இருந்த வேட்டை இலாகாக்கள், நாம் இன்று பெர்ஹிலித்தான் என்று அழைக்கும் கூட்டரசு இலாகாவின் கீழ் வந்தன. 1976ஆம் ஆண்டு புலி முழுப் பாதுகாப்புப் பெற்றது. அதன்பின் 2010ஆம் ஆண்டின் புதிய சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 2023 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தம் உச்ச அபராதத்தைப் பத்து லட்சம் வெள்ளியாகவும் உச்ச சிறைத் தண்டனையை 15 ஆண்டுகளாகவும் உயர்த்தியது.

ஆனால் புலி பெருகவில்லை. 1950களில் தீபகற்பத்தில் சுமார் 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. 2016 முதல் 2020 வரை நடந்த முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்போ 150க்கும் குறைவு என்கிறது. காடுகள் ரப்பராகி, ரப்பர் செம்பனையாகியது ஒரு காரணம். கம்பிக் கண்ணிகள் இன்னொரு காரணம். அந்தக் கண்ணியில் புலியும் மாட்டும், புலி தின்னும் மானும் மாட்டும்.

ஆக, இன்று ஒரு புலியைச் சுடுவது 1930இல் சுட்டது போன்ற கணக்கன்று. நூற்றைம்பதில் ஒன்று போய்விடும்.

பிடித்துக்கொண்டு போனால் என்ன?

"சுட வேண்டாம், கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடலாமே" என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மனித உயிருக்கே ஆபத்து என்றால் கூண்டு வைத்துத்தான் ஆகவேண்டும். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் மாடு போனதற்கெல்லாம் அது மருந்தாகுமா?

இந்தியாவின் மகாராஷ்டிரத்தில், ஜுன்னர் வட்டாரத்தில், 2001 முதல் சிறுத்தைகளைக் கூட்டமாகப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன்பின் மனிதர்கள் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4 என்பதிலிருந்து 17 ஆக உயர்ந்தது என்று வித்யா ஆத்ரேயா குழுவினரின் ஆய்வு காட்டியது. இடம் தெரியாத விலங்கு மேலும் ஆபத்தானது!

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே ஆடு மாடுகளை அடிப்பது கூகர் எனப்படும் மலைச்சிங்கம். கலிபோர்னியா மாநிலம் 1907 முதல் 1963 வரை பரிசுப் பணம் கொடுத்து 12,000க்கும் மேற்பட்ட கூகர்களைக் கொன்றது. 1990இல் மக்களே வாக்களித்து அதற்குச் சிறப்புப் பாதுகாப்பு வழங்கினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, கூகர்களை அதிகம் கொன்ற இடங்களில் மறு ஆண்டு கால்நடை இழப்பு குறைவதற்குப் பதிலாக அதிகரித்ததைக் கண்டது. தன் எல்லையைக் காத்துக் கிடந்த முதிர்ந்த ஆண் விலங்கு போனதும், அனுபவமில்லாத இளம் ஆண்கள் அந்த இடத்துக்கு வந்துவிடுவதே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இரவில் மாடு எங்கே?

அப்படியானால் வழி என்ன? பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டு கிளந்தான் ஜெலியில் புலித் தாக்குதல்கள் நடந்தபோது, புலிகளைச் சுட்டுத் தீர்க்க வேண்டும் என்ற குரல் மாநில அரசு மட்டத்திலேயே எழுந்தது. அதே காலக்கட்டத்தில் திரெங்கானு ஜெராங்காவ் பாராட் செம்பனைப் பகுதியில் உலக வனவிலங்கு நிதியத்தின் மலேசியக் கிளை மாடு வளர்ப்பவர்களோடு வேலை செய்தது. அவர்கள் வற்புறுத்தியது எளிய ஒரு காரியம்: பகலில் மேயட்டும், இரவில் பட்டிக்குள் அடையட்டும்.

புலி பெரும்பாலும் இரவிலும் அந்திசந்தியிலும் வேட்டையாடும். அந்த நேரத்தில் மாடு செம்பனைக்குள் திரிந்தால் இழப்பு நிச்சயம். உறுதியான வேலி போட்ட பட்டிக்குள் இருந்தால் இழப்பு பெருமளவு தவிர்க்கப்படும். ஆடு வளர்ப்பவர்களுக்கு மேலே கூரையும் வேண்டும். சிறுத்தை மரம் ஏறும், வேலியும் ஏறும். தீபகற்பத்துச் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கறுப்பு நிறம் என்பதால், இருட்டில் கண்ணுக்கே தெரியாது. விளக்கும் வெடியும் சில நாள்தான் பலிக்கும்; விலங்கு பழகிவிடும். கன்று ஈனப்போகும் பசுவைக் காட்டோரம் விடக்கூடாது. அடிபட்ட மாடு கிடந்தால் கிட்டே போகாமல் பெர்ஹிலித்தானுக்குத் தகவல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரையை விட்டுப் புலி தூரம் போயிருக்காது.

வீட்டு நாய்களுக்குத் தடுப்பூசியும் முக்கியம். 2019இல் திரெங்கானுவில் ஊருக்குள் வந்து பிடிபட்ட அவாங் பெசூல் என்ற புலி, கேனைன் டிஸ்டெம்பர் எனும் நாய்க் காய்ச்சலால் இறந்தது. 2021 முதல் பரவிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் காட்டுப்பன்றிகளையும் கொன்றுவிட்டதால், புலியின் பசி இன்னும் கூடியிருக்கிறது.

பட்டிக்கு யார் பணம் கொடுப்பது?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, நம்மவர்களில் பலர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களில் சிலர் இன்னும் நாலைந்து மாடுகளை வைத்துப் பிழைக்கிறார்கள். இளஞ்செடியைத் தின்னும் என்று நிர்வாகம் மாட்டை வெளியேற்றச் சொன்னால், மாடு காட்டோரத்துக்குத்தான் தள்ளப்படும். சொந்த நிலமில்லாதவர் எங்கே பட்டி கட்டுவார்? "பட்டியில் அடையுங்கள்" என்று அறிவுரை சொல்வது சுலபம். நிலமும் கம்பி வேலியும் இல்லாதவருக்கு அது வெறும் வார்த்தை.

தமிழ்நாட்டில் புலியோ சிறுத்தையோ கால்நடையைக் கொன்றால் வனத்துறை இழப்பீடு வழங்குகிறது. வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் யானை எங்கே நிற்கிறது என்று மாலைதோறும் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் எழுத்தோட்டமாகக் காட்டினார்கள். பிறகு அது கைத்தொலைபேசிச் செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் வளர்ந்தது. தோட்டத் தொழிலாளியை நம்பித் தகவல் கொடுத்ததால் உயிர்கள் காக்கப்பட்டன. தொலைக்காட்சியில் பணியாற்றும் எனக்கு, நம் தொழிலால் இதுவும் முடியும் என்று சொல்லும் உதாரணம் அது.

கெடாவுக்கு உலு மூடா காடு இருக்கிறது. மூடா, பெடு, ஆனிங் அணைகளுக்கு நீர் தரும் காடு அது. கெடாவின் நெல்வயலும் பினாங்கின் குழாய்த் தண்ணீரும் அதை நம்பி நிற்கின்றன. அந்தக் காடு இருக்கும்வரை அதன் ஓரத்தில் வனவிலங்கும் இருக்கும், மாடும் மேயும்.

எனவே தோட்ட நிர்வாகங்களும் மாநில அரசும் சேர்ந்து செய்யக்கூடிய காரியங்கள் மூன்று. மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குப் பொதுப் பட்டி கட்ட ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் ஒதுக்குவது. வேலிக்கு உதவுவது. பட்டியில் அடைத்தும் மாடு போனால் இழப்பீடு தருவது. ஒரு மாட்டின் விலை போனால் குடும்பம் தவிக்கும். அந்தத் தவிப்பில்தான் ஒருவர் கண்ணி வைக்கத் துணிகிறார். அவரைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் இருக்கிறது. அதற்கு முன்பே அவர் மாட்டைக் காத்துக் கொடுத்தால், அந்தச் சட்டத்துக்கு வேலையே இருக்காது.