கல்பாத்தியில் இடிபடுவது ஒரு வீடு மட்டுமா?

பாலக்காட்டு நகரின் கல்பாத்தி அக்கிரகாரங்களில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்னும் விவாதம் நெடுநாளாக நடந்துவருகிறது. கேரள அரசு கல்பாத்தியைப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்திருப்பதால், வீட்டை மாற்றிக் கட்ட விரும்புவோர் தனி இசைவு பெற வேண்டியுள்ளது. மரபு அழிகிறது என்பது ஒரு தரப்பின் கவலை. சொந்த வீட்டின்மீது உரிமை இல்லையா என்பது மறுதரப்பின் கேள்வி. இரு தரப்பும் வீட்டைத் தனி அலகாகக் கொண்டே பேசுகின்றன. அவ்வீடுகளின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம்.

முதலில் கட்டட அமைப்பு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என ஒரே நேர்கோட்டில் நீளும் இவ்வீடுகள் பக்கச்சுவர்களைப் பகிர்ந்துகொள்பவை. ஒரு சுவர் இரு வீட்டுக் கூரைகளையும் தாங்கும். நடுவில் ஒன்றை இடித்தால், மழையையே கண்டிராத பொதுச்சுவர் தென்மேற்குப் பருவமழையில் நனையத் தொடங்கும். அதற்குச் சிமெண்ட் பூசினால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுண்ணாம்புக் காரையை அரிக்கும். ஆகவே, ஒருவர் தம் வீட்டைப் பற்றி எடுக்கும் முடிவு அண்டை வீட்டின் ஆயுளையும் தீர்மானிக்கிறது.

இனி, இவ்வீடுகள் வெறிச்சோடியது ஏன்? உரிமையாளர்களின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. இத்தெருக்களின் வாழ்வு வயலிலிருந்து வந்த வருவாயைச் சார்ந்திருந்தது. 1860களில் வந்த இருப்புப்பாதையும், 1866இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த விக்டோரியா கல்லூரியும் அரசுப் பணிக்கும் வெளியூர்களுக்கும் வழிதிறந்தன. கேரள நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் 1970 ஜனவரி 1 முதல் குத்தகைமுறை ஒழிந்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்தது. அது நியாயமான மாற்றம். ஆயினும், அதுவரை பெரிய வீடுகளைப் பராமரித்துவந்த நெல் வருவாய் அத்துடன் நின்றது. சென்னைக்கும் மும்பைக்கும் தில்லிக்கும் சென்றோர் தேர்த்திருவிழாவுக்கு மட்டும் திரும்பினர்.

எந்தக் காலத்து வடிவத்துக்கு மீட்பது என்ற கேள்வியும் உண்டு. விசுவநாதசுவாமி கோயிலின் தொன்மையைக் கி.பி. 1425ஐ ஒட்டிய கல்வெட்டைக்கொண்டு சொல்வது வழக்கம். வீடுகளோ தலைமுறைதோறும் திருத்தப்பட்டவை. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் தொடங்கிய ஓட்டுத் தொழிலுக்குப் பிறகு வந்த ஓடுகளையே இன்று பலர் ‘பழைய கூரை’ என்கின்றனர். மாறாத மூலவடிவம் என ஒன்று இல்லை. தொடர்ந்து நிலைத்தவை தெருவின் அகலமும் தேரோடும் பாதையும் இருமருங்கிலும் நீளும் திண்ணை வரிசையுமே.

அந்தத் தெருவுக்கே இன்னொரு வரலாறும் உண்டு. பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றம் 1924 ஆகஸ்டில் நிறைவேற்றியது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஆர். வீரையன். அவ்வாண்டு நவம்பரில் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவில் நுழைந்த ஈழவர் தாக்கப்பட்டனர். வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த ஆண்டும் அதுவே. பின்னர் ஈழவருள் சிலர் ஆரிய சமாஜத்தில் சேர்ந்தனர். மதம் மாறியவர் அத்தெருவில் நடக்கலாமா என்ற வழக்காடலும் எழுந்தது. சங்கீத விழாவையும் கோலத்தையும் மட்டும் காட்டி, இந்நிகழ்வை மறைக்கும் மீட்டுருவாக்கம் வரலாற்றைப் பாதியாக இடிப்பதாகும். முழுத்தெருவையும் இடித்துவிடுவதாலும் அந்த அநீதிக்குப் பரிகாரம் கிடையாது. யார் எதுவரை வரலாம் என எல்லை வகுத்த இடத்தைக் கண்ணால் காண்பதற்குரிய சான்றையும் அப்போது இழப்போம்.

மலேசியாவின் ஜார்ஜ் டவுன் நமக்கு ஓர் எச்சரிக்கை. அங்கு வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியதும் பழங்குடியிருப்பாளர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் நகர் இடம்பெற்றபின் வீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறுவது பெருகியது. சுவர் காக்கப்பட்டது, வாழ்க்கை கலைந்தது.

எனவே, கல்பாத்தியில் காப்பின் அலகு வீட்டு வரிசையாக இருக்க வேண்டும். முகப்பு, உயரம், திண்ணைக்கோடு, பொதுச்சுவர் ஆகியவற்றுக்குக் கண்டிப்பான விதி வேண்டும். வீட்டின் உட்பகுதியை வசிப்போர் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். தெருவின் அழகை ஊரார் அனைவரும் துய்க்கையில், ஓடு மாற்றும் செலவை முதியவர் ஒருவர் மட்டும் சுமப்பது முறையன்று. வரிச்சலுகையும் பழுதுபார்ப்பு மானியமும் பொதுப்பணத்திலிருந்து வர வேண்டும். தேர்முட்டியில் 1924ஐ நினைவுகூரும் ஒரு பலகையும் வேண்டும். இம்மூன்றில் எது விடுபட்டாலும் நாம் காப்பது வெறும் முகப்பாகவே இருக்கும்.