அடுத்து வருபவருக்கான விறகு

நோர்வேயில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் ஒருக்கா கேட்டுப் பாருங்கள், 'டுக்னாட்' எண்டால் என்ன எண்டு. வசந்தகாலம் பிறந்ததும் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் எல்லா வீட்டுக்காரரும் இறங்கிச் சருகு கூட்டுவார்கள், வேலிக்குப் பெயின்ற் அடிப்பார்கள். முடிந்ததும் கோப்பி இருக்கும், கடிக்க ஏதாவது இருக்கும். கூலி மட்டும் இல்லை. எங்கட சிரமதானத்துக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி. 2004இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி மூலம் நோர்வேயின் தேசியச் சொல்லாகவே இதைத் தெரிவுசெய்தார்கள்.

இந்தச் சொல் முற்றத்தோடு நிற்காமல் மலையும் ஏறியது. காலில் நீண்ட சறுக்குப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, அதுதான் ஸ்கீ, நாள்கணக்காகப் பனிமலைகளைக் கடந்து போகிறவர்களுக்காக, வீதியே எட்டாத இடங்களில் குடில்கள் நிற்கின்றன. நோர்வே மலைப்பயணச் சங்கத்துக்கும் அதன் உள்ளூர்க் கிளைகளுக்கும் இப்படி 500க்கும் மேற்பட்ட குடில்கள் உண்டு. தொண்டர்களின் கை இல்லாமல் இவை நிலைத்திருக்கா.

ஆனால் தொடக்கத்திலேயே இது சனங்களின் சங்கமாக இருந்தது எண்டு நாம் நினைத்துவிடக்கூடாது. 1868 ஜனவரியில் இதை நிறுவியவர் தோமஸ் ஹெஃப்ட்டி என்ற வங்கியாளர். முதல் அங்கத்தவர்களில் பெரும்பாலானோர் தலைநகரின் வசதியான மனிதர்கள். நோர்வே அப்போது சுவீடனோடு ஒரே மன்னரின் கீழ் இருந்தது; தனிநாடானது 1905இல்தான். சொந்த நாட்டின் மலைகளை அறிவது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்காகவும் இருந்தது, ஓர் அடையாளத் தேடலாகவும் இருந்தது. அதே ஆண்டில் ருயூக்கான் நீர்வீழ்ச்சிக்கு அருகே குறுக்கான் என்ற இடத்தில் சங்கம் தன் முதல் குடிலைப் பெற்றது.

பிறகு மூன்று விஷயங்கள் நடந்தன. 1888இல் ஃபிரிட்யோஃப் நான்சன் கிறீன்லாந்தை ஸ்கீயில் குறுக்கறுத்தார். விவசாயிகளின் குளிர்காலப் பலகை நாட்டின் பெருமையானது. 1909இல் ஒஸ்லோவையும் பேர்கனையும் இணைத்த ரயில் பாதை, 1,222 மீற்றர் உயரத்திலுள்ள ஃபின்ஸ நிலையம் வரை நகரத்துச் சனத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1947இல் தொழிலாளர்களுக்கு மூன்று கிழமை சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. அதுக்குப் பிறகு மலை, காசுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1957இல் வந்த சட்டம், பயிர்செய்யாத வெளிநிலங்களில் யாரும் நடக்கலாம், தங்கலாம் என்ற பழைய வழக்கத்தை எழுத்தில் உறுதிசெய்தது.

இடையில் யுத்தம் வந்தது. முதல் குடில் இருந்த அந்தப் பள்ளத்தாக்கிலேயே, ருயூக்கான் நீர்வீழ்ச்சியின் தண்ணீரில் இயங்கிய வேமூர்க் மின்நிலையத் தொழிற்சாலை இருந்தது. ஆக்கிரமித்திருந்த ஜேர்மனியர்களுக்கு அங்கிருந்து கனநீர் தேவைப்பட்டது, அணு ஆராய்ச்சிக்கு. 1942 ஒக்ரோபரில் நான்கு நோர்வே இளைஞர்கள் பிரித்தானிய விமானத்திலிருந்து பரசூட்டில் ஹார்டாங்கர் மேட்டுநிலத்தில் இறங்கினார்கள். துணையாக வரவேண்டிய பிரித்தானியக் கிளைடர் படை நவம்பரில் அழிந்துபோக, இவர்கள் குளிர்காலம் முழுக்கக் குடில் குடிலாக ஒளிந்து காத்திருந்தார்கள். சாப்பாடு தீர்ந்தபோது கலைமான் தின்னும் பாசியைச் சாப்பிட்டார்கள். கிறிஸ்மஸுக்குச் சற்று முன்தான் ஒரு காட்டுக் கலைமானைச் சுட முடிந்தது. 1943 பெப்ரவரியில் இன்னும் ஆறு பேர் இறங்கினார்கள். இறங்கியதும் புயல் பிடித்தது. ஒரு வேட்டைக் குடிலின் கதவை உடைத்துப் பல நாள் உள்ளே கிடந்தார்கள். அந்தக் குடில் இல்லையெண்டால் பனியிலேயே முடிந்திருக்கும். பெப்ரவரி 28 அதிகாலை, ஒரு வேட்டுக்கூடத் தீர்க்காமல் கனநீர்க் கலங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அந்த முதல் நால்வரில் ஒருவர் கிளாவ்ஸ் ஹெல்பேர்க். யுத்தம் முடிந்ததும் அவர் போய்ச் சேர்ந்தது இதே மலைப்பயணச் சங்கத்தில். உயிர்தப்ப ஓடிய மலைகளில், நீண்டகாலம் மற்றவர்களுக்கு வழிகாட்டியாக நடந்தார்.

சரி, இந்தக் குடில்கள் எப்படி இயங்குகின்றன? பலவற்றில் காவலாளி இல்லை. அங்கத்தவர்களிடம் ஒரே மாதிரியான திறப்பு இருக்கும். உள்ளே அடுப்பு, படுக்கை. சிலதில் தகர டப்பா உணவும் மாவும் அடுக்கியிருக்கும். எடுத்ததை நீங்களே எழுதிக் காசைச் செலுத்தவேண்டும். பார்க்க ஒருவரும் இல்லை. இடம் நிரம்பினாலும் வந்தவரைத் திருப்பி அனுப்புவதில்லை, நிலத்தில் மெத்தை விரிக்கப்படும். புறப்படும் முன் கூட்டித் துடைக்கவேண்டும், விறகு கொத்தி அடுப்படியில் அடுக்கிவைக்கவேண்டும். விறைத்துப்போய் வரும் அடுத்த ஆள் ஒரு நெருப்புக்குச்சி தட்டினால் போதும்.

அதற்கு முன்னாலும் பலர் உழைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் பாதை தெரியாமல் பனி மூடும்போது, தொண்டர்கள் மரக்கிளைகளைச் சுமந்துபோய் வரிசையாகப் பனியில் நட்டுவிடுவார்கள். மூடுபனியில் அந்தக் கிளைகள்தான் கண். கோடையில் கூரை திருத்துகிறார்கள், பாலம் போடுகிறார்கள், கல்லில் சிவப்பு 'ரி' எழுத்தைத் திரும்பத் தீட்டுகிறார்கள். 2014இல் வடக்கே ஒக்ஸ்திண்டன் மலையில், ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில், ஹெம்னெஸ் என்ற சிறிய ஊரின் கிளை 'ராபோ குடிலை'த் திறந்தது. வடிவமைத்தவர்கள் பேர்பெற்ற கட்டடக்கலைஞர்கள். ஊர்ச்சனத்தின் டுக்னாட்டும் அதில் உண்டு.

இதை முழுக்க இனிப்பாகவும் எழுத முடியாது. ஹார்டாங்கர் மேட்டுநிலம் ஐரோப்பாவின் மிகப்பெரிய காட்டுக் கலைமான் கூட்டத்தின் வாழிடம். குடிலும் பாதையும் பெருக, ஆட்கள் பெருக, மான்களின் பழைய நடைவழிகள் அறுபடுகின்றன. இப்போது எந்தப் பாதையை மூடுவது, எந்தக் குடிலை இடம்மாற்றுவது என்ற வாக்குவாதம் சூடாக நடக்கிறது. எந்தக் கலைமானைச் சுட்டு அந்த நால்வர் பிழைத்தார்களோ, அதன் வம்சத்துக்கு இடம்விடுவது இன்றைய தொண்டர்களின் தலைவலி. தாத்தா சுமந்து கட்டின குடிலைப் பேரன் கழற்ற ஒத்துக்கொள்வது லேசான காரியம் இல்லைத்தானே.

கட்டடம் திறக்கிற அன்று எல்லாரும் வருவார்கள், நாடா வெட்டுவார்கள், படமும் எடுப்பார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக இந்தக் குடில்களைக் காப்பாற்றியது அதுக்குப் பிறகான நாட்கள்தான்: பேர் தெரியாத ஒருவர் கொத்திய விறகில் குளிர்காய்ந்தவர், பேர் தெரியாத இன்னொருவருக்காகக் காலையில் கோடரியைத் தூக்கிய நாட்கள்.