ஒய்யாரக் குழாய்!

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் மாட்டியிருக்கிறீர்களா? கண்ணுக்கெட்டிய தூரம் கம்பெனி பஸ்கள்தான். 2006-ல் நோக்கியா இங்கே செல்போன் தயாரிக்க ஆரம்பித்து, 2014-ல் மூடிவிட்டுப் போனது. இன்று ஃபாக்ஸ்கான் இங்கே ஐபோன் செய்கிறது. ஆனால் போனின் மூளையான சிப், கடல் தாண்டித்தான் வருகிறது.

அந்த மூளையின் செல்கள் டிரான்சிஸ்டர்கள். டிரான்சிஸ்டர் என்றால் மூன்று கால் ஸ்விட்ச், அவ்வளவுதான். ஒரு காலில் கொடுக்கும் மின்னழுத்தம், மற்ற இரண்டுக்கும் நடுவே ஓடும் கரண்ட்டைத் திறக்கும், மூடும். சிலிக்கானில் செய்யும் இந்த ஸ்விட்ச்சை எவ்வளவுதான் சின்னதாக்குவது? விஞ்ஞானிகள் கார்பன் பக்கம் திரும்பினார்கள்.

1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா, கார்பன் நானோ குழாய்களை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிசு! ஆனால், நேர்க் குழாய்க்கு ரெண்டு முனைதானே? ஸ்விட்ச்சுக்கு மூணு வேணுமே! உண்டிவில் கவட்டை மாதிரி, 'ஒய்' எழுத்து மாதிரி, குழாய் கிளைவிட்டால், மூன்றாவது முனையும் குழாயிலேயே கிடைத்துவிடும்.

1999-ல் டொரன்டோவில், ஒய் வடிவத் துளைகள் போட்ட அச்சுக்குள் குழாயை வளர்த்தார்கள். அடுத்த வருஷமே நம்ம பெங்களூரில் சி.என்.ஆர். ராவ் குழு 'அச்சே வேண்டாம்' என்றது. நிக்கல் உள்ள நிக்கலோசீன், கந்தகம் உள்ள தயோஃபீன் - இரண்டின் ஆவியையும் சுமார் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் விட்டார்கள். கார்பன் தானாகவே கிளைவிட்டது! சோதித்தால் இன்னொரு அதிசயம்: கிளை பிரியும் இடத்தில் கரண்ட் ஒரு திசையில் தாராளமாகவும், எதிர்த்திசையில் கஞ்சத்தனமாகவும் ஓடியது.

2005-ல் கலிஃபோர்னியாவின் ஸான் டியாகோவில் பிரபாகர் பந்தாரு குழு, இப்படிப்பட்ட ஒரு குழாயில் மின்னழுத்தத்தை மாற்றி, கரண்ட்டை டக்கென்று நிறுத்திக் காட்டியது. கவட்டையே ஸ்விட்ச்சாகிவிட்டது!

அப்புறம் ஏன் உங்கள் போனில் அது இல்லை? ஒன்றைச் செய்வது ஆராய்ச்சி. கோடிக்கணக்கில் ஒரே அச்சாகச் செய்து, சொன்ன இடத்தில் உட்காரவைப்பது தொழில். கார்பன் சுருளும் விதம் கொஞ்சம் மாறினாலும் குழாயின் மின்குணமே மாறிவிடும். அதனால் சிலிக்கான்தான் இன்னமும் ராஜா.

ராவுக்கு 2014-ல் பாரத ரத்னா கொடுத்தோம், சரி. பெங்களூரையும் ஸ்ரீபெரும்புதூரையும் இணைப்பது ஒரே நெடுஞ்சாலைதான். நடுவே சுமார் 300 கிலோமீட்டர். காரில் போனால் ஆறு மணி நேரம். அறிவு போய்ச்சேர மட்டும் ஏன் சார் இத்தனை வருஷம்?