பி.சி.ஏ3

பி.சி.ஏ3 என்பது மனிதரின் 9ஆவது நிறப்புரியில் உள்ள ஒரு மரபணுவும் அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏயும் ஆகும். இந்த ஆர்.என்.ஏ எந்தப் புரதத்தையும் உருவாக்குவதில்லை. 200க்கும் மேற்பட்ட நியூக்கிளியோட்டைடுகளைக் கொண்ட இத்தகைய மூலக்கூறுகள் நீள் குறிமுறையற்ற ஆர்.என்.ஏ எனப்படுகின்றன. புராஸ்டேட் சுரப்பியின் (சுக்கிலவகம்) புற்றுநோயில் பி.சி.ஏ3 மிகுதியாகக் காணப்படுகின்றது.

கண்டுபிடிப்பு

1999இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதனை டி.டி3 என்ற பெயரில் அறிவித்தனர். அவர்கள் ஆராய்ந்த 56 புராஸ்டேட் புற்றுக்கட்டிகளில் 53இல், அதே நோயாளிகளின் புற்றற்ற திசுவைவிட இதன் அளவு மிக அதிகமாக இருந்தது.

செயல்பாடு

பி.சி.ஏ3 மரபணு, புரூன்2 என்னும் மரபணுவின் இன்ட்ரான் ஒன்றினுள் எதிர் இழையில் அமைந்துள்ளது. இதனால் இரண்டின் ஆர்.என்.ஏக்களும் ஒன்றோடொன்று இணையக்கூடியவை. இவ்விணைப்பு புரூன்2 புரதத்தின் அளவைக் குறைக்கின்றது என்றும், அப்புரதம் புற்று வளர்ச்சியை அடக்குவது என்றும் 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

சிறுநீர்ச் சோதனை

புராஸ்டேட் புற்றுநோயை ஐயுறப் பெரிதும் பயன்படுவது பி.எஸ்.ஏ எனும் புரதத்தை அளக்கும் குருதிச் சோதனையாகும். ஆனால் சுரப்பி அழற்சியுற்றாலோ, புற்றின்றி வீங்கினாலோகூட பி.எஸ்.ஏ உயரும். எனவே ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதித்தும் புற்று காணப்படாத பலருக்கு, மீண்டும் அதே பரிசோதனை தேவையா என்ற கேள்வி எழுகின்றது. அப்பரிசோதனையால் குருதிக்கசிவும் நோய்த்தொற்றும் ஏற்படலாம்.

மருத்துவர் மலக்குடல் வழியாகச் சுரப்பியை அழுத்தியபின் வெளியேறும் சிறுநீரில் புராஸ்டேட் உயிரணுக்கள் கலந்திருக்கும். அவற்றின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பி.சி.ஏ3 ஆர்.என்.ஏயின் அளவு பி.எஸ்.ஏ ஆர்.என்.ஏயின் அளவால் வகுக்கப்பட்டு 1000ஆல் பெருக்கப்படுகின்றது. இதுவே பி.சி.ஏ3 மதிப்பெண் ஆகும். முந்தைய திசுப் பரிசோதனையில் புற்று காணப்படாதவர்களுக்காக, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012இல் இச்சோதனைக்கு ஒப்புதல் அளித்தது. மதிப்பெண் 25க்குக் குறைவாயின் மறு பரிசோதனையில் புற்று காணப்படும் வாய்ப்பு குறைவு.

வரம்புகள்

இம்மதிப்பெண் புற்று இருக்கும் வாய்ப்பை மட்டுமே மதிப்பிடுகின்றது. அதனை உறுதிசெய்யத் திசுப் பரிசோதனையே தேவை. மெதுவாக வளரும் புற்றையும் விரைந்து பரவும் புற்றையும் இதனால் நம்பகமாகப் பிரித்தறிய இயலாது. புராஸ்டேட் புற்றுகள் பல மெதுவாக வளர்பவை. அவற்றுட் சிலவற்றுக்கு உடனடிச் சிகிச்சையின்றிக் கண்காணிப்பே போதுமானது என்பதால் இவ்வேறுபாடு முக்கியமானது. 2013இல் விவரிக்கப்பட்ட சிலாப்1 என்னும் மற்றொரு நீள் குறிமுறையற்ற ஆர்.என்.ஏ, தீவிரமான புராஸ்டேட் புற்றுகளுடன் தொடர்புடையது.

இவற்றையும் பார்க்க

- ஆர்.என்.ஏ
- புற்றுநோய்
- மரபணு