தரையில் கிடந்த பெட்டி காதுக்குள் போன கதை

1965 ஆகஸ்ட் 15. நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், பேஸ்பால் ஆடுகளத்தில் போட்ட மேடையில் பீட்டில்ஸ் வாசிக்கிறார்கள். சுற்றிலும் 55,000-க்கும் அதிகமான ரசிகர்கள் ஓயாமல் கத்துகிறார்கள். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ரிங்கோ ஸ்டாருக்குப் பாட்டும் கேட்கவில்லை, கிதாரும் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் தலை எப்போது ஆடுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதாக அவரே பின்னாளில் சொன்னார். காதால் வாசிக்க வேண்டியவர் அன்று கண்ணால் வாசித்தார்.

வாக்ஸ் நிறுவனம் அந்தச் சுற்றுப்பயணத்துக்காக 100 வாட் ஆம்ப்ளிஃபயர்களைத் தனியாகச் செய்து கொடுத்திருந்தது. ஆட்டத்தின்போது அறிவிப்பு செய்ய ஸ்டேடியத்தில் மாட்டியிருந்த ஒலிபெருக்கிகளும் இருந்தன. அத்தனையும் ஜனங்களைப் பார்த்து. பாடுகிறவர்களைப் பார்த்து ஒரு பெட்டிகூட இல்லை. நிகழ்ச்சியைப் படமாக வெளியிடுவதற்கு முன், 1966 ஜனவரியில் லண்டன் ஸ்டுடியோ ஒன்றில் சில பகுதிகளைத் திரும்பப் பாடி வாசித்துச் சேர்த்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 29-இல், சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் கச்சேரியோடு சுற்றுப்பயணத்தையே நிறுத்திவிட்டார்கள். காரணங்கள் பல. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்பது அவற்றில் சிறிய காரணம் அல்ல.

தன் குரல் காதில் விழாத பாடகர் கத்தத்தான் செய்வார். இரைச்சலில் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவதை 1911-லேயே எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதிவைத்தார். மேடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மைக் செட்டின் பெட்டிகள் பாடகருக்கு முன்னால், அவருக்கு முதுகைக் காட்டி நிற்கும். அவருக்கு வந்து சேர்வது எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி விநாடி பிடிக்கும். சுவர் 30 மீட்டர் தள்ளியிருந்தால் போய்த் திரும்ப 175 மில்லி விநாடி. வேகமான பாட்டில் தாளம் அரை எண்ணிக்கை பின்தங்க அது போதும்.

இதற்கு மருந்து ஷே கச்சேரிக்கு முன்பே ஓரிடத்தில் கிடைத்திருந்தது. 1961 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ சிவிக் ஆடிட்டோரியத்தில் ஜூடி கார்லண்ட் பாடினார். ஒலி அமைத்த மக்யூன் நிறுவனத்தார் மேடையைப் பார்த்து ஒலிபெருக்கி வைத்தார்கள். பாடுகிறவருக்கென்று பெட்டி, அதாவது மானிட்டர், வைத்ததாகப் பதிவாகியிருக்கும் முதல் கச்சேரி அதுதான். 60-களின் பிற்பாதியில் பில் ஹான்லி, பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழுவின் நீல் யங்கோடு சேர்ந்து, பெட்டி பாடகரை அண்ணாந்து பார்க்கும்படி அமைத்தார். 1969-இல் வுட்ஸ்டாக்குக்கு ஒலி அமைத்தவரும் இந்த ஹான்லிதான். மக்யூனின் பொறியாளர் பாப் கேவின் மானிட்டருக்கென்றே ஒரு மிக்ஸரைச் செய்தார். படுக்கவைக்கும் பக்கத்தைப் பொறுத்து இரண்டு கோணங்களில் சாயும் பெட்டியையும் வடிவமைத்தார். பக்கத்திலிருந்து பார்த்தால் ஆப்பு மாதிரி இருந்தது. அதனால் பெயர் வெட்ஜ்.

சென்னை சபாக்களில் இந்தப் பெட்டிக்கு வழங்கும் பெயர் வேறு. “வயலினுக்குக் கொஞ்சம் ஃபீட்பேக் குடுங்க” என்று வித்வான் கேட்பது மானிட்டரைத்தான். ஒலிக்காரரின் அகராதியில் அதே சொல்லுக்குப் பொருள், மைக் ஊளையிடுவது. இரண்டும் ஒரே சொல்லாகிப்போனதில் நியாயம் இருக்கிறது. பெட்டியிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் புகுந்து, பெரிதாகி, மறுபடி பெட்டிக்கே வந்தால் ஊளைதான். அதைத் தடுக்கவே வெட்ஜை மைக்கின் வால் பக்கம் வைப்பார்கள். 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்குகள் முன்னால் வரும் ஒலியை வாங்கும், நேர் பின்னால் வருவதைப் பெரும்பாலும் வாங்காது. ஆனால் பாடகர் உணர்ச்சிவசப்பட்டு மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திவிட்டால், பின்பக்க ஒலியைத் தடுக்கும் துளைகள் அடைபட்டு அந்தக் குணமே போய்விடும். அடுத்த நொடி அரங்கமே காதைப் பொத்திக்கொள்ளும்.

வெட்ஜ் வந்த பிறகு மேடை ஒரு போட்டிக் களமானது. டிரம்ஸை மிஞ்சக் கிதார், கிதாரை மிஞ்ச வெட்ஜ், வெட்ஜை மிஞ்ச ஜனங்களுக்கான பெட்டி. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதி நேரம் என்பது அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிடம். ராக் மேடையில் அது மூன்று நான்கு பாட்டிலேயே தீர்ந்துவிடும்.

இதிலிருந்து வேறு வழியாக வெளியேற கிரேட்ஃபுல் டெட் குழு முயன்றது. 1974 மார்ச் 23-இல் கலிபோர்னியாவின் டேலி சிட்டியில், சுமார் 600 ஒலிபெருக்கிகளைச் சுவர்போலத் தங்கள் முதுகுக்குப் பின்னால் அடுக்கி வாசித்தார்கள். ஜனங்கள் கேட்பது எதுவோ அதையே அவர்களும் கேட்டார்கள். தனி மானிட்டரே வேண்டாம். மைக் ஊளையிடாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிராக இணைத்தது. இரண்டிலும் சமமாகப் புகும் சுவரின் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, ஒரு மைக்கில் மட்டும் பாடும் குரல் தங்கும். மானிட்டர் வரலாற்றிலேயே அழகான யோசனை இதுதான். ஆனால் 75 டன் எடையை ஊர் ஊராகச் சுமக்க முடியாமல் அந்த ஆண்டுக்குள்ளேயே கைவிட்டார்கள்.

காதுக்குள் வைக்கும் மானிட்டருக்கு, அதாவது இன்-இயருக்கு, ஒரே தந்தை இல்லை. ஸ்டீஃபன் ஆம்ப்ரோஸ் 60-களிலிருந்தே அதில் கைவைத்தவர். ஸ்டீவி வொண்டருக்குச் செய்து கொடுத்தவர். 80-களில் மார்ட்டி கார்சியா கலைஞர்களின் காது அளவெடுத்துச் செய்தார். 1995 வாக்கில் வான் ஹேலன் குழுவின் மானிட்டர் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி, டிரம்ஸ் வாசிக்கும் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இரண்டு நுண் ஒலிபெருக்கிகளைப் பொருத்திய ஜோடி ஒன்றைச் செய்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. 1997-இல் ஷூர் தன் பிஎஸ்எம்600-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அளவெடுப்பதே தனிக் கலை. நூல் கட்டிய சிறு பஞ்சைச் செவிப்பறைக்கு முன்னால் தடுப்பாக வைத்து, சிலிகான் குழம்பை உள்ளே செலுத்தி, இறுகும்வரை காத்திருப்பார்கள். பாடகர் என்றால் அதுவரை பல்லிடுக்கில் ஒரு கட்டையைக் கடித்திருக்க வேண்டும். வாய் திறக்கும்போது காதுத் துவாரத்தின் வடிவம் மாறும். மூடிய வாயோடு எடுத்த அச்சு உச்சஸ்தாயியில் நழுவி, இடைவெளி வழியாகக் கீழ்நாதம் ஒழுகிப்போகும்.

டிரம்ஸும் மின்கிதாரும் முழங்கும் மேடையில் இன்-இயர்தான் சரி. பாடகர் எங்கே நடந்தாலும் அவருடைய குரல் கூடவே வரும். மேடை அமைதியானதும் ஜனங்களுக்கும் பாட்டு தெளிவாகப் போகும். ஆனால் ஆளுக்கொரு மிக்ஸ், அதைக் கவனிக்க ஓர் ஆள், திடீர் சத்தத்தைத் தடுக்க லிமிட்டர் எல்லாம் வேண்டும். நாலு பேர் நெருங்கி உட்கார்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிக்கும் இடத்தில் இரண்டு வெட்ஜ் தாராளம். அங்கே காதை அடைப்பது இழப்புதான்.

அந்த இழப்பைத் தாங்காமல்தான் பலர் ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிடுகிறார்கள். அது ஆபத்து. ஒரு காதால் மட்டும் கேட்டால் சத்தம் போதாது. மீதிக் காதில் கூட்டுவார்கள். இன்-இயர் என்பதாலேயே காது பிழைக்காது. தன் காதிரைச்சலுக்கு மேடையைவிட ஸ்டுடியோ ஹெட்ஃபோன்களே காரணம் என்று தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் சொல்லியிருக்கிறார். மறுபக்கம், 2016-இல் செவித்திறன் முற்றாகப் போய்விடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் ஏசி/டிசி சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்ட பிரையன் ஜான்சன், ஆம்ப்ரோஸ் உருவாக்கிய புதுவகைக் காதுக்கருவியின் துணையோடு 2023 அக்டோபரில் கலிபோர்னியாவின் இண்டியோவில் மறுபடி குழுவோடு மேடையேறினார்.

ஜனங்களின் ஆரவாரம் பாடகருக்குக் கேட்க வேண்டுமென்று மேடை விளிம்பில் இப்போது கூட்டத்தைப் பார்த்துத் தனி மைக் வைக்கிறார்கள். ஷேயில் காதை அடைத்த அதே சத்தத்தை, அளவோடு, திரும்ப உள்ளே விடுகிறார்கள். டிரம்ஸ்காரர்களுக்கு வேறொரு குறை. நெஞ்சில் வந்து மோதும் பேஸ் டிரம்மின் அடியைச் சின்னக் கருவியால் தர முடியாது. அதற்காகப் பலருடைய ஸ்டூலுக்கு அடியில், ஒவ்வொரு அடிக்கும் இருக்கையைக் குலுக்கும் ஷேக்கர் ஒன்று திருகியிருக்கிறது.