மூடிய வண்டிக்குள் காற்று: கார் வடிகட்டி வந்த வழி

மோட்டார் வண்டி தோன்றிய முதல் முப்பது ஆண்டுகளில் அதில் சென்றவர்களுக்குக் குளிரும் மழையும் புழுதியும் குறைகளாக இருந்தனவே தவிர, காற்று போதவில்லை என்பது ஒரு குறையாக இருந்ததில்லை. முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவில் விற்பனையான கார்களில் மிகப் பெரும்பாலானவை மடக்கக்கூடிய துணிக்கூரை மட்டுமே கொண்ட திறந்த வண்டிகள். நிலையான கூரையும் கண்ணாடிச் சன்னல்களும் உடைய மூடிய வண்டி வசதி படைத்தோரின் உடைமையாகவே இருந்தது. ஹட்சன் நிறுவனம் தன் எசெக்ஸ் வரிசையில் 'கோச்' என்ற எளிய மூடிய வண்டியை 1922இல் மலிவாக விற்கத் தொடங்கி, 1925க்குள் அதன் விலையைத் திறந்த வண்டியின் விலைக்கும் கீழே இறக்கியபோது இந்த நிலை தலைகீழானது. இன்று காரின் காற்றுத் துவாரங்களில் காற்று மெலிந்து வருகிறது என்று பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருபவர் சொல்லும் குறையின் வேர் அந்த மூடலில்தான் இருக்கிறது. அன்று முதல் காரின் உட்புறக் காற்றுக்காகச் செய்யப்பட்ட ஒவ்வொரு திருத்தமும் ஒரு தொல்லையைத் தீர்த்து இன்னொன்றைப் பிறப்பித்தது என்பதே இந்த நூற்றாண்டுக் கால வரலாறு காட்டுவது.

தொடக்கத்தில் கையாண்ட வழிகள் எளியவை. முன்கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் இடைப்பட்ட தகட்டில் ஒரு சிறு மூடியை வைத்து, உள்ளிருந்து நெம்புகோலால் அதைத் திறந்தால் வண்டி ஓடும் வேகத்தில் காற்று கால்பக்கமாக உள்ளே பாய்ந்தது. 1933ஆம் ஆண்டு வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஃபிஷர் பிரிவு, முன்கதவுச் சன்னலின் முனையில் தனியே திரும்பும் முக்கோணக் கண்ணாடியைப் பொருத்தியது. அதைச் சற்றே திருப்பி வைத்தால், அதன் பின்விளிம்பை ஒட்டி விரையும் வெளிக்காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து உள்ளிருக்கும் புழுக்கமான காற்றை இழுத்துவிடும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகிய வண்டிகளில் சென்ற இந்தியர்கள் இந்தச் சிறு கண்ணாடியை நன்கு அறிவார்கள். ஆயினும் சன்னல் வழியே காற்றோடு புழுதியும் புகையும் தடையின்றி வந்தன; பனிக்காலத்திலோ அதைத் திறக்கவே இயலாது.

பனிநாடுகளில் காரைச் சூடாக்க முதலில் பயன்பட்டது எஞ்சினின் புகைக்குழாய். அக்குழாயைச் சுற்றி ஓர் உறையமைத்து, அதில் சூடேறும் காற்றை உள்ளே விட்டார்கள். குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தாலும், நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அதே வழியில் உள்ளே வரக்கூடும் என்பது இம்முறையின் பெருங்குறை. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை ஒரு சிறு ரேடியேட்டர் வழியே செலுத்தி, அதன்மேல் மின்விசிறியைச் சுழலவிடும் தண்ணீர் ஹீட்டர் அதன்பின் பரவியது. இதில் நச்சுப்புகை அச்சம் குறைந்தது. ஆனால் அது உள்ளிருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கியதால், பயணிகளின் மூச்சிலிருந்த ஈரம் வெளியேற வழியின்றிக் கண்ணாடிகளில் மூடுபனியாகப் படிந்து ஓட்டுநரின் பார்வையை மறைத்தது.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டது நாஷ் என்ற நடுத்தர நிறுவனம். கடுங்குளிருக்குப் பெயர்பெற்ற விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில் இயங்கிய நாஷ், 1937இல் குளிர்பெட்டி தயாரிப்பாளரான கெல்வினேட்டருடன் இணைந்தது. பின்லாந்தில் பிறந்த அதன் பொறியாளர் நில்ஸ் எரிக் வால்பெர்க் வடிவமைத்த அமைப்பு, 1938ஆம் ஆண்டு வண்டிகளில் விற்பனைக்கு வந்தது. முன்கண்ணாடியின் அடியிலுள்ள திறப்பு வழியே வெளிக்காற்றை எடுத்து, ஒரு வடிகட்டியின் ஊடே செலுத்தித் தூசியை நீக்கி, வெந்நீர்ச் சுருளில் சூடாக்கி, உள்ளே அனுப்புவது அதன் செயல்முறை. அதுவரை எல்லா வண்டிகளிலும் கதவிடுக்குகள் வழியே குளிர்காற்று உள்ளே கசிந்துகொண்டிருந்தது. நாஷ் வண்டியிலோ காற்று தொடர்ந்து உட்செலுத்தப்பட்டதால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சிறிது கூடுதலாகி, அதே இடுக்குகள் வழியே உட்காற்று வெளியேறத் தொடங்கியது. கசிவை அடைக்க முயலாமல் அதன் திசையை மாற்றிய இந்தச் சிந்தனை, மோட்டார் வரலாற்றில் பேசப்படும் எந்த எஞ்சின் கண்டுபிடிப்புக்கும் இளைத்ததல்ல. மறு ஆண்டு வெப்பநிலையைத் தானே சீராக்கும் தெர்மோஸ்டாட் சேர்ந்தபின் 'வெதர் ஐ' என்ற பெயரில் அது புகழ்பெற்றது. இன்றைய கார்களின் காற்றமைப்பு அனைத்தும் இதன் வழித்தோன்றல்களே.

வெளிக்காற்றை எடுத்துச் சூடாக்கும் முறையைப் பிற நிறுவனங்கள் விரைவில் பின்பற்றின. ஆனால் அதிலிருந்த வடிகட்டியைப் பெரும்பாலானவை ஏற்கவில்லை. வடிகட்டி என்பது காற்றின் வழியில் வைக்கப்படும் தடை. அதைக் கடந்து காற்று வர வேண்டுமானால் வலுவான மின்விசிறி வேண்டும், குறித்த காலத்தில் அதை மாற்றும் பழக்கமும் வேண்டும். சன்னலைத் திறந்து ஓட்டுவதே வழக்கமாக இருந்த காலத்தில் அந்தச் செலவுக்கு வாங்குவோரிடம் தேவை எழவில்லை. அவர்கள் கேட்டது குளிர்ச்சியை.

1939ஆம் ஆண்டின் இறுதியில் சிகாகோ கண்காட்சியில் பேக்கார்டு நிறுவனம் குளிர்சாதனம் பொருத்திய காரைக் காட்டியது. அதன் குளிர்ச்சுருள் டிக்கிப் பக்கத்தில் இருந்தது. கம்ப்ரசரைத் தனியே நிறுத்த வழியில்லாததால், குளிர்ச்சி வேண்டாத நாள்களில் எஞ்சினை அணைத்துப் பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது. ஓரிரு ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. ஹீட்டர், குளிர்சாதனம், வெளிக்காற்று மூன்றையும் வண்டியின் முன்புறத்திலேயே ஒரே அமைப்பாகச் சேர்த்து 1954இல் விற்ற நிறுவனமும் நாஷ்தான். அந்த இணைப்புக்குப் பின் டேஷ்போர்டின் உட்புறம் குழாய்களும் கதவுத்தகடுகளும் நெருங்கிய, கை எளிதில் புகாத இடமாக மாறியது. காற்று எவ்வழியே வருகிறது என்பது வண்டியில் செல்பவரின் கண்ணுக்கு மறைந்தது.

காற்று உள்ளே வருவதை மட்டுமே எண்ணி வந்த பொறியாளர்களுக்கு, அது வெளியேறுவதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டியது பிரிட்டனின் ஃபோர்டு கார்ட்டினா. 1964இன் பிற்பகுதியில் வந்த அதன் 'ஏரோஃப்ளோ' அமைப்பில், டேஷ்போர்டின் இரு முனைகளிலும் விரும்பிய பக்கம் திருப்பக்கூடிய வட்டத் துவாரங்களும், பின்தூண்களில் காற்று வெளியேறுவதற்கான கம்பித்திறப்புகளும் இருந்தன. வெளியேற வழியில்லாத பெட்டிக்குள் புதுக்காற்று புக இயலாது என்ற எளிய இயற்பியலே இதன் அடிப்படை. அடுத்த சில ஆண்டுகளில் முக்கோணச் சன்னல்கள் மறையத் தொடங்கின. இன்றைய கார்களில் இந்த வெளியேறும் வழி பெரும்பாலும் பின் பம்பரின் மறைவில், ரப்பர் மடல்களுடன் அமைந்திருக்கிறது. டிக்கியில் சாமான்களை நெருக்கி அடுக்கி அதன் பாதையை அடைத்துவிட்டால், வெளிக்காற்று வரும் நிலையில் முன்னுள்ள துவாரங்களில் காற்று மெலியும். காரணத்தை டேஷ்போர்டில் தேடுபவருக்கு அது கிடைக்காது.

குளிர்சாதனம் பரவியதும் வடிகட்டி இல்லாத குறை வேறு வடிவில் வெளிப்பட்டது. பட்டறைகளில் கூலிங் காயில் எனப்படும் குளிர்ச்சுருள், மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிச் செய்யப்படுவது; காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படிவதால் குளிர்சாதனம் இயங்கும்போதெல்லாம் அது நனைந்தே இருக்கும். ஈரக்கையில் மாவு ஒட்டுவது போலச் சாலைப் புழுதியும் துணி நூலிழைகளும் அந்தத் தகடுகளில் ஒட்டி, நாளடைவில் சேறாகி இறுகின. வடிகட்டி செய்ய வேண்டிய வேலையைக் குளிர்ச்சுருள் செய்தது. அதைச் சுத்தம் செய்யவோ டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டியிருந்தது. விசிறி முழு வேகத்தில் இரைந்தும் காற்று வராமை, ஏ.சி.யைப் போட்டவுடன் எழும் பூஞ்சை நாற்றம் ஆகிய இரண்டும் இந்த அடைப்பின் அடையாளங்கள்.

எனவே வடிகட்டி இரண்டாம் முறையாகக் காருக்குள் வந்தது. சுவீடனின் சாப் நிறுவனம் 1978இல் அறிமுகமான தன் 900 வண்டியில் மகரந்தத்தைத் தடுக்கும் வடிகட்டியை வைத்தது. வசந்த காலத்தில் மரங்களின் மகரந்தத்தால் தும்மலும் கண்ணெரிச்சலும் கொண்டு அவதியுறுவோர் மிகுந்த வட ஐரோப்பாவில் அதற்கு உடனடித் தேவை இருந்தது. 1980களின் இறுதியில் ஜெர்மன் வண்டிகளும் அதைப் பின்பற்றின. இதற்குத் துணைநின்றது நெய்யாத செயற்கையிழைத் துணி. நூல் கோத்து நெய்யாமல் இழைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒட்டும் இத்துணியின் இழைகளுக்கு நிலைமின்னூட்டம் கொடுத்தால், இடுக்குகள் அகலமாக இருந்தும் நுண்துகள்கள் இழைகளால் ஈர்க்கப்படும். அதனால் காற்றோட்டம் அதிகம் குறையாமல் தூசி பிடிபடுகிறது. துணியை மடிப்பு மடிப்பாக மடித்துச் சிறு சட்டத்துக்குள் பெரும்பரப்பை அடக்கினார்கள். டீசல் புகையின் நாற்றத்தை உறிஞ்சப் பின்னர் செயலூட்டிய கரியடுக்கும் சேர்ந்தது. இக்கரியின் மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய்ச் சிரட்டை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அதிலிருந்து கரி செய்யும் தொழில் இன்றும் நடக்கிறது.

வடிகட்டி வந்தபின் அடைப்பு, டேஷ்போர்டின் ஆழத்திலிருந்து கைக்கெட்டும் இடத்துக்கு இடம்பெயர்ந்தது எனலாம். பல ஜப்பானிய, கொரிய, இந்தியக் கார்களில் வடிகட்டி கிளவ் பாக்ஸின் பின்னே இருக்கிறது. கிளவ் பாக்ஸின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்பு விடுபட்டு அது கீழே தொங்கும். பின்னே தெரியும் பிளாஸ்டிக் மூடியின் கொக்கியை விலக்கி இழுத்தால் வடிகட்டி வெளிவரும். புழுதிச் சாலைகளில் ஓடிய வண்டியில், வெள்ளையாக இருந்த மடிப்புகள் கறுத்து, வேப்பிலைச் சருகும் பூச்சிச் சிறகுகளும் அவற்றின் இடையே செருகியிருப்பதைக் காணலாம். புதியதைச் செருகுகையில் சட்டத்தின் ஓரத்திலுள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையை நோக்க வேண்டும்; மாற்றிச் செருகினால் அடுக்குகளின் வரிசை பிறழ்ந்து விரைவில் அடைபடும். சில ஐரோப்பிய வண்டிகளில் வடிகட்டி வைப்பருக்குக் கீழே, எஞ்சின் பக்கத்தில் இருக்கிறது.

மாற்றியபின்னும் காற்று வலுக்கவில்லை என்றால், முன்கண்ணாடியின் அடித்திறப்பில் சேர்ந்த சருகையும், பட்டறை வழக்கில் ப்ளோயர் எனப்படும் விசிறியின் இதழ்களையும் பார்ப்பதே முறை. விசிறி உச்ச வேகத்தில் மட்டும் சுழன்று மற்ற வேகங்களில் நின்றுவிட்டால், படிப்படியான வேகங்களைத் தரும் மின்தடை எரிந்துபோயிருக்கிறது; வடிகட்டிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

2015இல் டெஸ்லாவின் மாடல் எக்ஸ், மருத்துவமனை அறுவை அரங்குகளில் பயன்படும் மிக நுண்ணிய ஹெப்பா வடிகட்டியைப் பெரிய அளவில் பொருத்தி வந்தது. துணி நுண்ணியதாக ஆக ஆக, போதிய காற்று கிடைக்கப் பரப்பும் பெரிதாக வேண்டும் என்பதால் அந்த அளவு தேவைப்பட்டது. இந்தியச் சந்தையில் விற்ற சில மலிவு வகைகளிலோ, வடிகட்டி பொருந்துவதற்கான இடம் அச்சில் வார்க்கப்பட்டிருந்தும் உள்ளே வடிகட்டி வைக்காமல், வெட்டியெடுக்க வேண்டிய பிளாஸ்டிக் தகட்டால் அதை மூடியே வண்டியை அனுப்பினார்கள். விவரம் அறிந்த உரிமையாளர்கள் பின்னர் அந்தத் தகட்டை அறுத்தெடுத்து, கடையில் வாங்கிய வடிகட்டியைத் தாங்களே செருகிக்கொண்டனர். அறியாதவர்களின் வண்டிகளில் தூசியைக் கூலிங் காயில்தான் இன்றும் ஏற்கிறது.