வன்முறை வீடியோ கேம் விவாதம்

திரையில் சுடுவதும் வெட்டுவதும் ஆடுபவரை நிஜ வாழ்விலும் வன்முறைக்குத் தள்ளுமா என்ற வாதம். அமெரிக்காவில் 1976இல் வந்த ‘டெத் ரேஸ்’ விளையாட்டே முதல் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. 1993இல் ‘மார்ட்டல் காம்பாட்’ செனட் விசாரணைக்கு உள்ளானது; மறு ஆண்டே வயதுத் தரக்குறியீட்டு வாரியம் அமைந்தது. 1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்ட மாணவர் இருவரும் ‘டூம்’ என்ற சுடும் விளையாட்டை ஆடியவர்கள் என்று தெரிந்ததும் அச்சம் பன்மடங்கானது.

முடிச்சு இருப்பது அளவீட்டில். ஆய்வகத்தில் ஒருவரைக் கொலை செய்யவிட்டு அளக்க முடியாது. ஆகவே, விளையாடி முடித்தவர் எதிராளியின் காதில் எவ்வளவு உரத்த இரைச்சலை ஒலிக்கவிடுகிறார், அந்த எதிராளி உண்ணவேண்டிய உணவில் எவ்வளவு மிளகாய்ச் சாஸ் ஊற்றுகிறார் என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இத்தகைய சீண்டலையும் துப்பாக்கிச் சூட்டையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாது. 2019இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 14, 15 வயதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் 1,000 பேரை ஆராய்ந்தனர். அவர்களின் நடத்தையைப் பற்றிப் பெற்றோரிடமும் கேட்டனர். வன்முறை விளையாட்டுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு தென்படவில்லை. கத்துதல், தள்ளுதல் போன்ற முரட்டுத்தனத்தோடு சிறு தொடர்பு உண்டு, கொடும் வன்முறைக்குக் காரணம் என்னப் போதிய சான்றில்லை என்பது அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு நிலைப்பாடு.

சிறாருக்கு வன்முறை விளையாட்டுகளை விற்கத் தடைவிதித்த கலிபோர்னியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தை, பேச்சுரிமைக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் 7–2 பெரும்பான்மையில் ரத்து செய்தது.